போன் மேல் எனக்கிருந்த பொறாமை

மழை ஓய்ந்து, தெருவில் நின்ற தண்ணீர் வடிந்த மறுநாள் நிர்மலா பேசினாள். ஒரகடத்துக் கம்பெனி ஒன்றின் குழந்தைகள் காப்பகத்தில் நான் பார்த்துவந்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள்தான். "அம்மா, தவழ்ற புள்ள கையில எல்லாம் டச் போனைக் குடுத்துட்டு லைனுக்குப் போய்டறாங்கோ. வாங்கி வெச்சா அம்மாக்காரிங்க சண்டைக்கு வராங்கோ, வாங்கலைன்னா புள்ளைங்க சோறு துன்ன மாட்டேங்குது. உங்க காலத்துல இன்னா பண்ணீங்கோ?" என்று கேட்டாள். போனிலேயே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் ஒளித்து வைத்திருக்கிற ஒன்றை முதலில் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

நான் பொறாமைக்காரி. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. என் மகன் கல்யாணமான முதல் வாரத்தில் மருமகள் வைத்த குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான் என்பதற்காக மூன்று நாள் அவனோடு பேசாமல் இருந்தவள். அவர்கள் ஓசூருக்குக் குடிபோனதற்கு வேலை மாற்றல்தான் காரணம் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். என் குணம் எனக்குத் தெரியாதா?

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. ரோட்டின் இரு பக்கமும் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது நான் பால்வாடியில் சமையல் உதவியாளராக இருந்தேன். கார்களுக்குள் போகும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்று வந்தது. லைனில், அதாவது ஒயர் கட்டும் வரிசையில், நிற்பவர்கள் முக்கால்வாசி பெண்கள், அதனால் காப்பகம் வைத்தே ஆகவேண்டும் என்றார்கள். 2007-ல் என் ஐம்பதாவது வயதில் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. பதினைந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பாதி நாள், தீப்பிடித்தால் குழந்தைகளை எந்த வழியாக வெளியே கொண்டுபோவது என்பதிலேயே போய்விட்டது. மீதியைக் குழந்தைகள் கற்றுக்கொடுத்தன.

முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. ஐந்தரைக்கே கம்பெனி பஸ்கள் வந்துவிடும். அம்மாக்கள் குழந்தையைத் தோளில் போட்டபடி வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு குழந்தையையும் அம்மாவின் கண்ணெதிரே சட்டையைக் கழற்றி உடம்பைப் பார்க்க வேண்டும். காயம், கொப்புளம், கொசுக்கடி எது இருந்தாலும் அப்போதே எழுதிக்கொண்டு அம்மாவின் கையெழுத்தை வாங்க வேண்டும். புறங்கையால் கழுத்தைத் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது வெளிக்குப் போனது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பையில் மாற்றுத்துணி இரண்டு செட், துண்டு ஒன்று, பெயர் எழுதி ஒட்டிய பால் பாட்டில். இவ்வளவும் முடிந்த பிறகுதான் குழந்தையைக் கையில் வாங்க வேண்டும். ஒரு குழந்தைக்கு மூன்று நிமிஷம். வரிசையில் கடைசியாக நிற்பவள் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறி முறைப்பாள். முறைத்துக்கொள்ளட்டும் என்று இருப்பேன். ஷிப்டுக்கு நடுவில் பால் கொடுக்க இரண்டு முறை அம்மாக்களை விடுவார்கள். லைனில் அவள் இடத்தில் நிற்க வேறொருத்தி வந்தால்தான் வர முடியும் என்பதால் ஓட்டமாக ஓடி வருவார்கள்.

காப்பகத்துக்கு மேலதிகாரி ரெஜினா மேடம். தொழிலாளர் நல அதிகாரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் நாற்காலியைத் தேட மாட்டார். குழந்தைகளோடு பாயில் உட்கார்ந்துவிடுவார். திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். எட்டு வருஷத்தில் 'நல்லா செஞ்சிருக்கீங்க' என்று ஒரு தடவை சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ஒரே கேள்வியை இரண்டாவது முறை அதே குரலில் கேட்பார். அதற்குத்தான் எனக்குப் பயம்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தோம். தின்றது, தூங்கியது, வெளிக்குப் போனது எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கடைசியில் 'குறிப்பு' என்று நான்கு வரி காலியாக விட்டிருக்கும். மாதத்துக்கு ஒருமுறை மேடம் எல்லா நோட்டையும் அடுக்கி வைத்துக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்து படிப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓவியா என்ற குழந்தையின் நோட்டில், 'அடம் பிடித்தாள், சாப்பிடவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"குணசுந்தரி, அடம்னா என்ன பண்ணா?" என்று கேட்டார்.

"அடம்னா அடம்தான் மேடம்."

"என்ன பண்ணா?"

யோசித்துச் சொன்னேன். வாயைத் திறந்தாள், சோற்றை வாங்கினாள், கொஞ்சம் வைத்திருந்து அழுதாள், துப்பினாள். மேடம் அந்தக் குழந்தையை மடியில் போட்டு நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அடியில் வெள்ளையாகப் புண். "அடம்கிறது நீங்க நினைச்சது. வாயில வாங்கி வெச்சிருந்து அழுதாங்கிறது நீங்க பார்த்தது. நோட்டுல பார்த்ததை மட்டும் எழுதுங்க," என்று பென்சிலால் 'அடம்' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார். அன்றிரவு எனக்கு வந்த கோபத்தில் வீட்டில் இரண்டு டம்ளர் நசுங்கின. ஆனால் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். நான்கைந்து வருஷம் ஒழுங்காகவும் கடைப்பிடித்தேன். கவின் வருகிற வரைக்கும்.

கவின் வந்தபோது பத்து மாதக் குழந்தை. அம்மா மாரிச்செல்வி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். புருஷன் சங்கர் அதே ரோட்டில் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தான். அவனுக்கு இரண்டாம் ஷிப்ட் என்றால் இவளுக்கு முதல் ஷிப்ட். கூட்டுரோட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் முழுதாகப் பார்த்துக்கொள்வதே ஞாயிற்றுக்கிழமைதான்.

எட்டு வருஷத்தில் என் கைக்கு வந்த குழந்தைகளில் கவினைப் போல என்னை ஒட்டிக்கொண்ட பிள்ளை வேறில்லை. தூக்கினால் கன்னத்தை என் நெஞ்சில் பதித்துக்கொள்வான். நான் ஏதாவது முணுமுணுத்தால் கையை எடுத்து என் தொண்டையில் வைப்பான். நிறுத்தினால் தலையைத் தூக்கிப் பார்ப்பான். மறுபடி ஆரம்பித்தால் மறுபடி கன்னத்தைப் பதிப்பான். சுற்றிப் பதினெட்டுக் குழந்தைகள் கத்தினாலும் அவன் தூக்கம் கலையாது. தங்கமான பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். மற்ற ஆயாக்கள் தூக்க வந்தால் ஏதாவது வேலை சொல்லி அனுப்பிவிடுவேன்.

பால் நேரத்துக்கு மாரிச்செல்வி வந்து கதவைத் தள்ளுவாள். அது கனமான இரும்புக் கதவு, தரை அதிரும். அடுத்த நொடி கவின் என் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து அவளிடம் போய்விடுவான். வாசனை பிடித்தே கண்டுகொள்கிறான் என்று பேசிக்கொள்வோம். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றுகொண்டிருப்பேன். பெற்றவளிடம் பிள்ளை போவதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. இருந்தாலும் அந்த இருபது நிமிஷமும் எனக்கு ஏதோ பிடுங்கிக்கொண்டு போன மாதிரி இருக்கும். அவள் திரும்ப லைனுக்கு ஓடும்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

2013-ல்தான் டச் போன் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பும் எல்லோரிடமும் போன் இருந்தது. ஆனால் அது பேசுவதற்கு மட்டும். கேமரா இருக்கிற போனை லைனுக்குள் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்று கம்பெனியில் கண்டிப்பு. கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வரிசை அனுமார் வால் போல நீளும். குழந்தை வைத்திருந்த அம்மாக்கள் குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். காப்பகம் கேட்டுக்கும் லைனுக்கும் நடுவில் இருந்தது. போனைக் குழந்தையின் பையிலேயே போட்டுக் கொடுத்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். பையில் போட்ட போன் சீக்கிரமே குழந்தையின் கைக்கு வந்தது. பாட்டு ஓடுகிற போனைக் கையில் கொடுத்தால் பிள்ளை அழாமல் இறங்கிக்கொள்கிறது, அம்மா நிம்மதியாக ஓடலாம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அழுகிற பிள்ளையைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடுவது எவ்வளவு கொடுமை என்று தினமும் பார்த்தவள் நான்.

ஆனால் காப்பகம் மாறிப்போனது. காலையில் கூச்சல் இல்லை. ஆறேழு பொடிசுகள் சுவரோரமாகக் குனிந்து உட்கார்ந்திருக்கும். ஒன்றரை வயதுப் பிள்ளை விரலால் திரையைத் தள்ளித் தனக்கு வேண்டிய பாட்டைத் தானே எடுக்கும். படப் புத்தகத்தைக் கொடுத்தால் அதன் பக்கத்தையும் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, நகரவில்லை என்று அழும். கை தட்டிக் கூப்பிட்டால் திரும்பாது. நான் பாட்டுப் பாடினால் ஒரு பிள்ளையும் வராது. ஆறு வருஷம் ராணி மாதிரி இருந்த இடத்தில் உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்று என்னை ஓரம் கட்டிவிட்டது. மேடத்திடம் போய் முறையிட்டேன். அவர் ஒரு பிளாஸ்டிக் தட்டு வாங்கி வைத்து, போன்களில் பெயர் ஒட்டி அதில் வைக்கச் சொன்னார். காலையில் இறக்கிவிடும்போது அரை மணி, அதற்கு மேல் கூடாது என்றார். எனக்கு அந்த அரை மணியும் பொறுக்கவில்லை.

கவினுக்கு அப்போது ஒன்றரை வயது தாண்டியிருந்தது. சங்கர் புதுப் போன் வாங்கியதும் பழையதை மாரிச்செல்வி எடுத்துக்கொண்டாள். கூடவே அது கவின் கைக்கும் வந்தது. மற்ற பிள்ளைகள் போனைப் பார்த்தன. இவன் முத்தம் கொடுத்தான். சத்தத்தைக் கடைசி வரை ஏற்றிவிட்டு, போனைத் திருப்பி, அதன் பின்பக்கத்தை வாயில், தாடையில், கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். அறையே அதிரும். நான் போய்ச் சத்தத்தைக் குறைப்பேன். என்னை ஒரு பார்வை பார்ப்பான், மறுபடி ஏற்றுவான். பிடுங்கினால் தரையில் புரண்டு கத்துவான். தூக்கி நெஞ்சில் போட்டு முணுமுணுத்தால் முன்பெல்லாம் அடங்குவான். இப்போது கை போன் இருக்கிற தட்டுப் பக்கமே நீண்டது.

அந்த நோட்டைத் திறந்து நான் எழுதியது இது: 'போனுக்கு முத்தம் கொடுக்கிறான். போன் பைத்தியம். தாய் கொடுத்த பழக்கம்.' ஒரு நாள் இல்லை. ஆறு மாதம் மாற்றி மாற்றி இதையேதான் எழுதினேன். இடையில் கம்பெனியில் இரண்டு இடத்துக்கும் சேர்த்துப் பொறுப்பு கொடுத்ததால் மேடம் ஸ்ரீபெரும்புதூர் யூனிட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தார். நோட்டுகளைப் படிக்க அவருக்கு நேரமில்லை. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

கவினுக்கு இரண்டு வயது ஆனது. ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து அழைத்துப்போக வந்த மாரிச்செல்வியை வாசலிலேயே நிறுத்தினேன். நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் கேட்கட்டும் என்றுதான் பேசினேன்.

"ஏம்மா, ரெண்டு வயசாச்சு, புள்ள அம்மான்னு கூட சொல்லலை. இன்னா நெனச்சிக்கினு கீறே? போனைக் குடுத்துக் குடுத்து புள்ளையை ஊமையாக்கி வெச்சிக்கிறே. அந்த சத்தத்துல காது இன்னா ஆவும்?"

அவள் முகம் செத்துப்போனது. "எங்க ஊர்ல ஆம்பளப் பிள்ளைக லேட்டாத்தான் பேசும்னு சொல்லுவாக அக்கா," என்றாள் மெதுவாக.

"உங்க ஊர்ல ஆம்பளப் புள்ளைங்க கையில போன் கீதா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. மறுநாளிலிருந்து கவினின் பையில் போன் வரவில்லை. முதல் பத்து நாள் பிள்ளை கத்தித் தீர்த்தான். பிறகு மெல்ல என்னிடம் வந்தான். கன்னத்தை என் நெஞ்சில் பதித்தான், கையைத் தொண்டையில் வைத்தான். போன் தோற்றது, நான் ஜெயித்தேன் என்று வாய்விட்டே சொன்னேன். அவன் இன்னும் பேசவில்லை என்பது எனக்கு அந்தச் சந்தோஷத்தில் இரண்டாம் பட்சமாகிவிட்டது.

மறு வருஷம் கோடையில் மேடம் முழுநேரமாகத் திரும்பி வந்தார். வந்த வாரமே நோட்டுகளை அடுக்கச் சொல்லிப் பாயில் உட்கார்ந்தார். கவினின் நோட்டில் பென்சில் நின்றது.

"முத்தம் கொடுக்கிறான்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம். இப்ப இல்ல. போனை நிறுத்திட்டேன்."

"என்ன பண்ணான்?"

"முத்தம்தான் மேடம் குடுப்பான்."

"என்ன பண்ணான்?"

அதே குரல். சொன்னேன். சத்தத்தை ஏற்றுவான். திருப்புவான். சத்தம் வருகிற இடத்தை வாயிலும் தாடையிலும் வைத்து அழுத்துவான். படம் பார்க்க மாட்டான். சொல்லிக்கொண்டே வரும்போது என் வாயிலிருந்து வந்ததை என் காதே கேட்டது. படம் பார்க்கவே மாட்டான். போன் பைத்தியம் பிடித்த பிள்ளை ஏன் படம் பார்க்கவில்லை?

மேடம் எழுந்துபோய்க் கவினைத் தூக்கி வந்து தடித்த மெத்தையின் மேல் உட்கார வைத்தார். முன்னால் நான்கு மரக்கட்டைகளைப் போட்டார். அவன் அடுக்கத் தொடங்கியதும் என்னை அவன் எதிரே உட்காரச் சொல்லி, முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்றார். தான் அவனுக்குப் பின்னால் நான்கடி தள்ளி நின்று, சாப்பாட்டு மணியை எடுத்து ஆட்டினார். தொட்டிலில் கிடந்த குழந்தை விழித்துக்கொண்டது. கவின் மூன்றாவது கட்டையை வைத்தான். இடப்பக்கம் போய் ஆட்டினார். நான்காவது கட்டையை வைத்தான். பிறகு தன் போனை அதிர்வு அலாரத்தில் போட்டு, அவனுக்குப் பின்னால் மெத்தையில் ஓசைப்படாமல் வைத்தார். அது உறுமிய மறு கணம் கவின் கையைப் பின்னால் நீட்டி, திரும்பிப் பார்த்து, அதை எடுத்துத் தாடையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. நோட்டில் ஒரு வட்டம் கூடப் போடவில்லை. "அம்மாவை லைன்ல இருந்து கூப்பிட ஆள் அனுப்புங்க," என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. பதினெட்டுக் குழந்தைகள் கத்தியும் கலையாத தூக்கம். தரை அதிர்ந்தால் திரும்புகிற தலை. என் தொண்டையில் வைத்த கை. என் மேல் இருந்த பாசம் என்று நான் கொண்டாடிய அத்தனையும், அவன் சத்தத்தைத் தேடித் தடவிய தடவல். போனில் செய்ததையே என்னிடமும் செய்திருக்கிறான், அவ்வளவுதான். நானும் போனும் அவனுக்கு ஒன்று. இது எனக்கு எவ்வளவு வலித்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த நேரத்தில்கூட, முதலில் நான் எனக்காகத்தான் அழுதேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். பிள்ளையைத் தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்கள். முதலில் சில மாதம் காதில் மாட்டுகிற மெஷின் கொடுத்துப் பார்த்தார்கள். அதில் பலன் இல்லை என்றதும் காதுக்குள்ளே கருவி வைக்கிற ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். காப்பீட்டு அட்டையிலேயே நடந்தது. "பேச்சு வர வேண்டிய வயசு இதுதாம்மா. எவ்வளவு சீக்கிரம் வர்றீங்களோ அவ்வளவு நல்லது. ஒரு ஆறு மாசம் முன்னாடி வந்திருக்கலாம்," என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். யாரையும் குறை சொல்வதற்காக அவர் சொல்லவில்லை. மாரிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஆறு மாதம் யாருடையது என்று எனக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. ரெஜினா மேடமும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிர்மலா, நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். பச்சைக் குழந்தை கையில் போனைக் கொடுப்பது எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அரை மணிக்கு மேல் அனுமதிக்காதே, சோறு ஊட்டும்போது அறவே கூடாது, அம்மாக்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும். ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை போனை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று பார். பார்த்ததை அப்படியே எழுது. அம்மாவை வாசலில் நிறுத்திப் பேசாதே. நான் இதைச் சொல்லும் தகுதியோடு சொல்லவில்லை. அந்தத் தப்பைச் செய்தவள் என்பதால் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து புண் ஆறிய பிறகு ஒரு நாள் வரச் சொன்னார்கள். அன்றுதான் கருவியை முதன்முதலாக இயக்குவார்கள். சங்கருக்கு இருந்த லீவு எல்லாம் ஆபரேஷனிலேயே தீர்ந்துவிட்டது. மேடம் என்னைத் துணைக்கு அனுப்பினார். நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சின்ன அறை. ஒரு கம்ப்யூட்டர், அதன் எதிரே ஒரு பெண். கவினை மாரிச்செல்வி மடியில் வைத்திருந்தாள். காதுக்குப் பின்னால் வட்டமாக ஒன்றை ஒட்டி, ஒயரை மாட்டி, அந்தப் பெண் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரெடிம்மா. நான் ஆன் பண்ணினதும் நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுங்க. சத்தமா வேண்டாம், எப்பவும் பேசற மாதிரி," என்றாள்.

மாரிச்செல்வி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கூப்பிடுங்க அக்கா."

"நீ கூப்புடு மாரி."

"இல்லக்கா. நான் போனைக் கொடுத்துத்தானே இவன் காது போச்சு. டாக்டர் பிறவின்னு சொன்னது என்னைத் தேத்துறதுக்குத்தான்னு எனக்குத் தெரியாதா? நீங்க அன்னைக்கே சொன்னீக. இவன் மொத மொத கேக்குறது என் குரலா இருக்க வேண்டாம். நீங்கதான் இவனை வளத்தீக. நீங்க கூப்பிடுங்க."

ஒன்றரை வருஷமாக இந்தப் பெண் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். பிறவி என்று டாக்டர் சொன்னதைவிட, வாசலில் நின்று நான் சொன்னதை நம்பியிருக்கிறாள். இதை நினைத்து எனக்கு நெஞ்சு வெடித்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குள் எழுந்தது ஆசைதான். இந்தப் பிள்ளை உலகத்தில் கேட்கும் முதல் குரல் என்னுடையது. எந்த அம்மாவும், எந்த போனும் அதை என்னிடமிருந்து பிடுங்க முடியாது. 'கவின்' என்ற பேர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் கம்ப்யூட்டரில் கையை வைத்தபடி காத்துக்கொண்டிருந்தாள்.

எப்படி நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் கையைக் காட்டி, கருவியை இப்போதே இயக்க வேண்டாம் என்றேன். பிறகு மாரிச்செல்வியிடம் சொன்னேன்.

"போனால ஒண்ணும் ஆவலை மாரி. டாக்டரு சொன்னதுதான் நெசம். உம் புள்ள போனை வாயில வெச்சி சத்தத்தைத் தேடிக்கினு இருந்தான். காது கேக்கலைன்னு நமக்குக் காட்டிக்கினு இருந்ததே அந்தப் போனுதான். அதை தெனம் பார்த்தவ நான். ஆறு மாசம். எம் மடியை வுட்டுட்டு அதுங்கிட்ட போறான்னு எனக்கு வயித்தெரிச்சல். கண்ணு தெரியலை. உம் மேல பழியைப் போட்டேன். டாக்டரு சொன்னாரே ஆறு மாசம், அது என்னால போனது."

நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன்.

"போனைக் கேட்டு அழுதான்னு இவனை அடிச்சேனேக்கா," என்றாள். "நீங்க சொன்னதுக்கப்புறம் பத்து நாளும் அடிச்சேனே."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சி, தொண்டையைச் செருமி, குழந்தையை மடியில் நேராக உட்கார வைத்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவள் தட்டிக் கருவியை இயக்கினாள்.

"கவினு," என்றாள் மாரிச்செல்வி.

அவன் கையிலிருந்த பொம்மை நின்றது. அவன் மூச்சுகூட நின்ற மாதிரி இருந்தது. "கவினு, அம்மாடா." கண் பெரிதாகி, உதடு பிதுங்கி, ஓவென்று அழத் தொடங்கினான். தன் அழுகை தனக்கே கேட்டதும் இன்னும் பயந்துபோய் உரக்க அழுதான். அவன் அழுதால் வாங்கிக்கொள்ள என் இரண்டு கைகளும் தாமாக நீண்டன. மாரிச்செல்வி கொடுக்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, "கவினு, கவினு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.